வெறியும் முப்பத்தி நாலு பல்லும்

மக்களே, ஆறு மாசம் ஆச்சு இந்தப் பக்கம் வந்து. தீசிஸ், பார்ட் டைம் வேலை என்று ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. கடை இன்னும் திறந்திருக்கா என்று எட்டிப் பார்த்த நல்லவங்களுக்கு ஒரு கும்பிடு.

போன ஜூலையில் லா மார்மோத் சைக்கிள் பந்தயத்துக்குப் போய் பாதியில் திரும்பி வந்த கதையை எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு வந்த பின்னூட்டங்களில் முக்கால்வாசி ஒரே ராகம். "விடாதீங்க பாஸ், அடுத்த வருஷம் வெறியோட மிதிங்க", "மனசு வெச்சா மலையும் கடுகு", "வலியைத் தாண்டினாத்தான் வெற்றி". ஒரு நண்பர் தனிமடலில் இன்னும் ஒரு படி மேலே போய், சின்ன கியர் போட்டுக்கொண்டு மலை ஏறுவதெல்லாம் ஏமாத்து வேலை, இருக்கிற கியரில் மிதிப்பவன்தான் ஆம்பளை என்று எழுதியிருந்தார்.

எல்லாருக்கும் நன்றி. அன்பில் சொன்னதுதான், தெரியும். ஆனால் நான் பாதியில் நின்றதற்குக் காரணமே அந்த வெறிதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கோங்க :-)

புதுசா வந்தவங்களுக்கு: நான் இருப்பது ஃப்ரான்ஸில் க்ரெனோபிள். ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை, சுற்றி மூன்று பக்கமும் மலை. லா மார்மோத் என்பது 1982-ல் ஆரம்பித்த, நம்மை மாதிரி சாதா ஆட்கள் ஓட்டுகிற மலைச் சைக்கிள் நிகழ்ச்சி. பக்கத்தில் பூர்க் துவாசான் என்கிற சின்ன ஊரில் கிளம்பி, வழக்கமான பாதையில் க்ளான்தோன் (1,924 மீட்டர்), தெலெகிராஃப் (1,566), கலிபியே (2,642) என்று மூன்று கணவாய் ஏறி இறங்கி, கடைசியாக ஆல்ப் துயெஸ் மலையில் ஏறி முடிக்க வேண்டும். மொத்தம் 175 கிலோமீட்டர் பக்கம். ஏற்றம் மட்டும் கூட்டினால் சுமார் 5,000 மீட்டர்.

நான் அதற்கு எப்படித் தயாரானேன்? சனிக்கிழமைதோறும் கோல் து போர்த் மலை. வீட்டிலிருந்து 1,100 மீட்டர் உயரம். உயிரைக் கொடுத்து மேலே போய், ஸ்ட்ராவாவில் எத்தனை நிமிஷம் குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, கீழே வந்து தூங்கிவிடுவேன். மூன்று மாதத்தில் பன்னிரண்டு நிமிஷம் குறைத்தேன். பெருமை தாங்கவில்லை. சைக்கிள் பழசு, முன்னாடி 39 பல், பின்னாடி பெரிய பல்லே 25 தான். அதையும் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். அங்கே வெள்ளைத் தாடி வைத்த ஒரு தாத்தா அடிக்கடி வருவார். சைக்கிளில் முன்னாடி மூன்று சக்கரம், பின்னாடி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பல் சக்கரம். கால் மட்டும் கிறுகிறுவென்று சுற்றும், ஆள் மெதுவாக நகர்வார். ஒவ்வொரு வாரமும் அவரைத் தாண்டும்போது உள்ளுக்குள் ஒரு சிரிப்பு சிரிப்பேன். (இப்ப எழுதும்போதே வெக்கமா இருக்கு.)

பந்தய நாளில் க்ளான்தோன் ஏற்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பறந்தேன். தெலெகிராஃபில் கால் கனத்தது. வெறியோடு மிதித்தேன். கலிபியேயில் கடைசி எட்டு கிலோமீட்டர் ரோடு நிமிர்ந்து நிற்கும். அங்கேதான் வலது முட்டிக்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி ஆரம்பித்தது. "வலியைத் தாண்டு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் நாலு கிலோமீட்டர் மிதித்தேன். அப்போது பக்கத்தில் கிறுகிறுவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அதே தாத்தா! என்னைப் பார்த்து ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார். நான்... ஙே.

உச்சிக்கு எப்படியோ போய்விட்டேன். பூர்க் துவாசானுக்கு இறங்கி வந்தபோது முட்டியை மடக்க முடியவில்லை. ஆல்ப் துயெஸ் பக்கம் திரும்பாமலே நம்பர் சீட்டைக் கழற்றினேன். அதற்கப்புறம் மூன்று வாரம் நொண்டல். நான் பார்ப்பது ஹோட்டலில் நின்றுகொண்டே செய்கிற வேலை. மூன்று வாரச் சம்பளம் போச்சு. அந்த மாச வாடகைக்கு ரூம் மேட்டிடம் கடன். அம்மாவிடம் "பரீட்சை, அதான் வீடியோல வரல" என்று பொய். தன்னம்பிக்கைக் கட்டுரைகளில் இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். படிப்பது எரிசக்தி எஞ்சினியரிங், இதைக்கூட போடவில்லை என்றால் எதற்கு மாஸ்டர்ஸ்?

ஆல்ப் துயெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 13.8 கி.மீ. தூரம், சராசரி 8 சதவீதம் சாய்வு, 21 கொண்டை ஊசி வளைவு. (நமக்கு இது ஒரு நம்பரா? கொல்லிமலை ரோட்டில் 70 வளைவு. நாமக்கல்காரன் என்பதால் இந்த ஒரு வரி கட்டாயம்.) கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். நான், சைக்கிள், தண்ணி, துணி எல்லாம் சேர்த்து 80 கிலோ. எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 863 கிலோ ஜூல். மலைக்கு நான் கட்ட வேண்டிய வரி இது. வெறியோடு ஏறினாலும் அழுதுகொண்டே ஏறினாலும் இதில் ஒரு ஜூல் குறையாது.

என் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அந்த வரியை எத்தனை நிமிஷத்தில் கட்டுவது என்பது. 75 நிமிஷத்தில் என்றால் உயரத்துக்கு மட்டும் 190 வாட் சொச்சம் தொடர்ந்து கொடுக்கணும். 98 நிமிஷத்தில் என்றால் 147 வாட் போதும். டயர் உராய்வு, காற்று எல்லாம் இதற்கு மேல் கொஞ்சம். முதல் நம்பரை என்னால் ஒரு மலைக்குக் கொடுக்க முடியும். இரண்டாவது நம்பரை ஒரு நாள் முழுக்கக் கொடுக்க முடியும். சனிக்கிழமைகளில் நான் பழகியது முதல் நம்பருக்கு. பந்தயம் கேட்டது இரண்டாவதை. சிலபஸ் ஒன்று, படித்தது வேறொன்று.

இப்போது கியர். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 2.1 மீட்டர் போகும். மணிக்கு 8.8 கி.மீ. வேகத்தில் ஏறுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய 39-25 கியரில் அந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு 45 மிதி. முன்னாடி 34, பின்னாடி 34 பல் இருந்தால் 70 மிதி. இரண்டிலும் ஒரே வேகம், ஒரே வாட். ஆனால் பழைய கியரில் ஒவ்வொரு மிதிக்கும் காலால் ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான மிதி, அத்தனையும் முட்டி வழியாகத்தான் போகணும். அதுவும் கலிபியே உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. மூச்சும் பத்தாது, வாட்டும் இறங்கும், மிதி இன்னும் மெதுவாகும், அழுத்தம் இன்னும் ஏறும்.

தனிமடல் நண்பருக்கு: கியர் சக்தியைக் கொடுக்காது தலைவரே, இருக்கிற சக்தியைச் சில்லறையாக மாற்றித் தரும், அவ்வளவுதான். மோட்டார் வைத்தால் ஏமாத்து. பல் சக்கரம் மாற்றினால் அது அறிவு.

இந்த "ஆம்பளை கியர்" வியாதி நம்ம ஊரில் பிறந்ததும் இல்லை. டூர் து ஃப்ரான்ஸை 1903-ல் ஆரம்பித்து வைத்த ஆன்றி தெக்ராஞ்சுக்கே இருந்தது. மாற்றுகிற கியர் எல்லாம் வயசானவர்களுக்கு என்பது அவர் கட்சி. 1911-ல் டூர் முதல்முறை கலிபியே ஏறியபோது, அந்த மண் ரோட்டில், இப்போதிருக்கிற கியர் எதுவும் கிடையாது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேற வேற பல் இருக்கும், மலையடியில் இறங்கி சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுகிற காலமும் இருந்தது. இப்போது நாம் எல்லாரும் வைத்திருக்கிற டிரெய்லர் கியருக்கு டூரில் அனுமதி கிடைத்ததே 1937-ல்தான். இத்தனைக்கும் இங்கிருந்து பக்கத்தில் இருக்கிற சேன்-எத்தியேனில் வெலோசியோ என்கிற பெயரில் எழுதிய போல் து விவி என்பவர் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே கியர் மாற்றி மலை ஏறுவதைப் பற்றி எழுதியும் ஓட்டியும் காட்டிக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தது? இன்றைக்கு டூர் ஓட்டுகிற ப்ரோக்களே செங்குத்தான மலை வந்தால் பின்னாடி முப்பதுக்கு மேல் பல் உள்ள கேசட் மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களுக்கே வேணும், ஹாஸ்டல் பாஸ்தா சாப்பிடற எனக்கு வேணாமாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கலிபியே உச்சியைத் தாண்டி தெற்குப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் தெக்ராஞ்சுக்கு ஒரு பெரிய நினைவுத் தூண் இருக்கிறது. போன ஜூலையில் ஒற்றைக் காலால் பிரேக் பிடித்த மாதிரி இறங்கியபோது அதைத் தாண்டித்தான் வந்தேன். "உங்க பேச்சைக் கேட்டுத்தான் ஐயா" என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

முட்டி சரியான பிறகு அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அப்பா ரொம்ப வருஷம் சைக்கிளில் முட்டை போட்டவர். கேரியரில் ஆறு அட்டை, 180 முட்டை. நான் சொன்ன கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வலிக்குதுன்னா எறங்கித் தள்ளியிருக்கலாமே கண்ணு, அதுல என்ன இருக்குது?" என்றார். பந்தயத்தில் இறங்கித் தள்ளினால் அசிங்கம் இல்லையா என்று கேட்டேன். "நானெல்லாம் கடைவீதி மேட்டுல தெனமும் எறங்கித்தான் தள்ளுவேன். முட்டை ஒடஞ்சா காசு ஆரு குடுப்பா?" என்றார்.

எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. சைக்கிள் பிழைப்பாக இருந்தவருக்கு மேட்டில் இறங்குவது ஒரு கணக்கு. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற எனக்கு அது மானப் பிரச்சினை. அவருக்கு முட்டை, எனக்கு முட்டி. இரண்டுக்கும் வேற யாரும் காசு தரப் போவதில்லை.

அதனால் இந்த வருஷம் பயிற்சியே வேற. முதலில் சைக்கிள். இங்கே நாமே ரிப்பேர் செய்துகொள்கிற கூட்டுறவுப் பட்டறை ஒன்று இருக்கிறது. இரண்டு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து, பழைய சாமான் பெட்டியைக் குடைந்து, முன்னாடி 50-34, பின்னாடி 11-லிருந்து 34 பல் வரை உள்ள கேசட் மாட்டினேன். சும்மா கேசட் மட்டும் மாற்றினால் போதாது. பழைய டிரெய்லர் அவ்வளவு பெரிய பல்லை எட்டாது, நீளமான கை உள்ளதாக மாற்ற வேண்டும், செயினும் நீளம் கூட வேணும். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் வீண்.

இரண்டாவது, மெதுவாக ஏறுவது. படிக்கச் சுலபம், செய்யக் கஷ்டம். ஏறும்போது பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்கிறேன். மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா, அதுதான் என் வேகம். எட்டாவது வரியில் திணறினால் நான் வேகமாகப் போகிறேன் என்று அர்த்தம். (வழியில் போகிற ஃப்ரெஞ்சுக்காரர்கள் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.)

மூன்றாவது, களைத்த காலோடு ஏறிப் பழகுவது. கலிபியே ரோடு மே கடைசி, ஜூன் வரை பனியில் மூடித்தான் கிடக்கும், அங்கே போய்ப் பழக முடியாது. ஆனால் கோல் து போர்த் ஏறி, அந்தப் பக்கம் சேன்-பியேர் து ஷார்த்ரேஸ் ஊருக்கு இறங்கி, திரும்ப அதே கணவாய்க்கு ஏறி வரலாம். இரண்டாவது ஏற்றத்தில் கால் என்ன சொல்கிறது என்பதுதான் பாடம். முதல் ஏற்றத்தில் எல்லாருமே ஹீரோ.

நாலாவது, சோறு. 5,000 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டும் என் எடைக்கு உடம்பு எரிப்பது ஏறத்தாழ 3,900 கிலோ கலோரி. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து சுமார் 2,000 தான் வரும். மிச்சத்துக்கு கொழுப்பு கொஞ்சம் கைகொடுக்கும், பாக்கியை வழியிலேயே சாப்பிட்டாகணும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடித்தால் வாயில் ஏதாவது போடுகிறேன். பேரீச்சம்பழம், ஜாம் தடவின ரொட்டி, வாழைப்பழம். ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாயும் முயற்சி செய்தேன். ருசி அபாரம், ஆனால் ஏற்றத்தில் மெல்லவும் முடியாது, சீக்கிரம் செரிக்கவும் செரிக்காது. அது வீட்டுக்கு வந்த பிறகு.

ஐந்தாவது, இறங்குவது. ஏற்றத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், ஆனால் ஆபத்து இறக்கத்தில். மார்மோத்தில் க்ளான்தோன் இறக்கத்தை நேரக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, யாரும் நேரத்துக்காகப் பறந்து விழக்கூடாது என்று. களைத்துப்போய் உச்சிக்கு வந்தவனுக்குத்தான் கை நடுங்கும், வளைவு தப்பும். மெதுவாக ஏறுவது பத்திரமாக இறங்குவதற்கும் சேர்த்துத்தான்.

எதிர்க் கட்சிக்கும் நியாயம் சொல்லிடறேன். பெரிய கியரில் மெதுவாக மிதிப்பதைப் பயிற்சியாகக் கொடுக்கிற கோச்சுகள் உண்டு. அது முட்டி நன்றாக இருப்பவர்கள், ஒரு ஆள் பார்த்துச் சொல்ல, சில நிமிஷம் செய்வது. வேற வழியில்லாமல் நாள் முழுக்க அதிலேயே அரைப்பது வேற. அதே மாதிரி வெறியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜனவரியில் காலை ஆறு மணி இருட்டில் போர்வையை விட்டு எழுவதற்கு வெறி வேணும். தொடை எரிகிறபோது இன்னும் ஒரு வளைவு என்று சொல்லிக்கொள்ளவும் வேணும். தொடை எரிவது தசை வலி, தாங்கலாம், நின்றால் போய்விடும். மூட்டுக்குள் ஊசி குத்துவது வேற வலி. அதையும் தாண்டச் சொல்கிற ஆளுக்கு நம்ம முட்டியின் விலை தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் பொத்தாம் பொதுவாக "வலியைத் தாண்டு" என்று எழுதாதீங்க ப்ளீஸ். நம்ம பதிவைப் படித்துவிட்டு நாளைக்கு ஏற்காட்டிலோ ஊட்டியிலோ முதல்முறை ஏறப்போகிற ஒரு பையன் இருப்பான்.

புது கியரோடு அக்டோபரில் ஆல்ப் துயெஸ் தனியாக ஏறினேன். 98 நிமிஷம். அங்கே வளைவுகளுக்குக் கீழிருந்து 21, 20, 19 என்று இறங்குமுகமாக நம்பர் போட்டிருப்பார்கள். பஸ் கூட்டத்தில் நம்ம ஊர் வருவதற்கு ஸ்டாப் எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டே போனேன். எத்தனையோ பேர் என்னைத் தாண்டினார்கள். தாண்டினவர்களில் சிலர் சிரித்திருப்பார்கள், நான் சிரித்த மாதிரி. மேலே போனதும் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் வேலைக்கும் போனேன்.

மூன்று மலைக்கு அப்புறம் அதே 98 வருமா? வராது. நூற்றி இருபது ஆகலாம். ஜூலையில் மறுபடி பேர் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை முடித்துவிடுவேன் என்றெல்லாம் சபதம் இல்லை. ஊசி குத்தினால் இறங்கித் தள்ளுவேன், தள்ள முடியாவிட்டால் நிற்பேன்.

தாத்தாவைப் போன சனிக்கிழமை பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே வேகம்தான் இப்போது. நான் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டு என்ன மொழி என்று விசாரித்தார். உச்சி வரை பேசிக்கொண்டே போனோம்.

டிஸ்கி 1: நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. முட்டி வலித்தால் பதிவரைப் பார்க்காதீங்க, டாக்டரைப் பாருங்க.

டிஸ்கி 2: மலை ஏறின அனுபவம் இருக்கிறவர்கள் எத்தனை பல் என்று பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. 39-25 போட்டு கொல்லிமலை ஏறின புண்ணியவான் யாராவது இருந்தால் கும்மலாம், ஆனால் முட்டி எப்படி இருக்கு என்பதையும் சேர்த்து எழுதணும் :-)